தெரிந்தும் செய்கிற வயது

கணினித் திரையில் ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட ஓடப் புள்ளிகள் ஏறும். போக்குவரத்து விளக்கு மஞ்சளுக்கு மாறும். அது எப்போது சிவப்பாகும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. சிவப்பு விழுந்ததும் குறுக்கே ஒரு சுவர் எழும்பும். அதற்குமுன் நிறுத்தியவருக்குச் சேர்த்த புள்ளிகள் சொந்தம். மோதியவருக்கு எல்லாம் போய்விடும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டெம்பிள் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை இந்த விளையாட்டை ஆட வைத்தார்கள். 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் ஒரு பிரிவு. 18 முதல் 22 வரை இன்னொரு பிரிவு. 24 வயதும் அதற்கு மேலும் மூன்றாவது. சிலர் தனியாக ஆடினார்கள். மற்றவர்கள், தம் வயதுக்காரர்கள் இருவர் பக்கத்திலிருந்து பார்க்க ஆடினார்கள்.

முடிவு 2005-இல் வெளிவந்தது. தனியாக ஆடியபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் துணிந்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோதும் 24-ஐத் தாண்டியவர்களின் ஆட்டம் மாறவில்லை. கல்லூரி வயதினர் சுமார் ஒன்றரை மடங்கு துணிந்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் இரண்டு மடங்கு.

வளரிளம் பருவத்தைப் பற்றி நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கையை இந்த ஒரு சோதனை அசைக்கிறது. "விளையாட்டுப் புத்தி, பின்விளைவு தெரியாது" என்கிறோம். தெரியவில்லை என்று நினைப்பதால் தெரியவைக்க முயல்கிறோம்: அறிவுரை, எச்சரிக்கை, விபத்துப் படம் போட்ட பேனர், பள்ளியில் ஒரு மணி நேர விழிப்புணர்வுக் கூட்டம். ஆனால் தனியாக உட்கார்ந்து ஆடிய 14 வயதுப் பிள்ளைக்குச் சிவப்பு விளக்கின் பொருள் நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் செய்கிற வயது இது. அறிவுக்கும் நடத்தைக்கும் நடுவே இவ்வளவு தூரம் ஏன் விழுகிறது, அது எப்போது குறைகிறது, அதுவரை பெரியவர்கள் செய்ய வேண்டியது என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

அடுத்து அதே ஆய்வுக்கூடத்தில் இதைப் போன்ற ஒரு விளையாட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் கொண்டுபோனார்கள். ஆடுபவர் கருவிக்குள் படுத்திருப்பார். நண்பர்கள் பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோளில் தட்டி உசுப்ப அவர்களால் முடியாது. அவர்கள் பார்க்கிறார்கள் என்று ஆடுபவருக்குத் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. பரிசை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்மூளைப் பகுதி, நண்பர்கள் பார்க்கும்போது பதின்பருவத்தினரிடம் கூடுதலாகச் செயல்பட்டது. பெரியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. 2011-இல் வந்த இந்த ஆய்வு சிறியது, 40 பேர்தான். ஆனால் பிறகு சுண்டெலிகளிடம் செய்த சோதனையும் அதோடு ஒத்துப்போனது. இளம் சுண்டெலிகள் தம் வயது எலிகளோடு இருக்கும்போது கூடுதலாக மது குடித்தன. வளர்ந்த எலிகள் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு குடித்தன. சுண்டெலிக்கு வீராப்புக் காட்டத் தெரியாது. நாளை வகுப்பில் கேலி செய்வார்கள் என்ற பயமும் அதற்குக் கிடையாது. கூட்டாளி பக்கத்தில் இருப்பதே இளம் மூளைக்குப் பரிசின் ருசியைக் கூட்டிவிடுகிறது. "பசங்க ஏத்திவிட்டுட்டாங்க" என்று பெற்றோர் சொல்வதில் பாதிதான் உண்மை. ஏற்றிவிட யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

விலக்கப்படுவதன் வலியும் இந்த வயதில் கூடுதல். மூன்று பேர் பந்து வீசி விளையாடும் ஒரு கணினி ஆட்டம் ஆராய்ச்சியாளர்களிடையே பிரபலம். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் பந்தைத் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்ளத் தொடங்குவார்கள்; மூன்றாமவருக்குப் பந்து வராது. அந்த இருவரும் உண்மையில் கணினியின் வேலைதான். லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோரின் குழு பதின்பருவப் பெண்களையும் வளர்ந்த பெண்களையும் இப்படி ஆடவைத்து, பந்து வராதபோது மனநிலை எவ்வளவு சரிகிறது என்று அளந்தது. இளையவர்களிடம் சரிவு பெரிதாக இருந்தது. நண்பன் நீட்டும் சிகரெட்டை வாங்கும் 13 வயதுப் பையன் புகையிலையின் தீமையை அறியாதவன் என்று இதற்குப் பிறகும் நாம் எண்ணக்கூடாது. அவனுக்கு எதிரே இரண்டு ஆபத்துகள் நிற்கின்றன. நுரையீரல் கெடுவது எப்போதோ நடக்கப்போவது. கூட்டத்திலிருந்து கழிக்கப்படுவது இன்று மாலையே நடக்கும். அவன் மூளை இரண்டாவதற்கு அதிக எடை கொடுக்கிறது.

ஏன் அப்படிக் கொடுக்கிறது? அதற்கு மூளை வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

பீட்டர் ஹட்டன்லோக்கர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர். இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. பிறந்த சிசு முதல் 90 வயது முதியவர்வரை 21 மூளைகள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் மேற்பரப்பான புறணியில் ஒரு குறிப்பிட்ட அடுக்கை அவர் எடுத்துக்கொண்டார். குழந்தை வளர வளர இணைப்புகளும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1979-இல் அவர் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டு வயதில் இணைப்புகளின் அடர்த்தி உச்சத்தைத் தொடுகிறது. வளர்ந்தவரின் மூளையைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம். இரண்டு வயதிலிருந்து 16 வயதுவரை அது குறைந்துகொண்டே வருகிறது. பிறகு முதுமைவரை பெரிய மாற்றமில்லை.

ஆக, குழந்தையின் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது, பிறகு கழிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் மல்லிகைத் தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது, ஊருக்குப் புதியவர் பார்த்தால் செடியை அழிக்கிறார்கள் என்றே நினைப்பார். வெட்டினால்தான் பூ வரும் என்பது விவசாயிக்குத் தெரியும். எந்தக் கிளை நிற்க வேண்டும் என்பதை அங்கே விவசாயியின் கை தீர்மானிக்கிறது. மூளையில் அதைத் தீர்மானிப்பது பயன்பாடு. அடிக்கடி ஒன்றாகச் செயல்படும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்பெற்று நிலைக்கிறது. பயன்படாதது உதிர்கிறது.

எல்லாப் பகுதிகளிலும் இது ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பார்வைக்கான பகுதியில் இணைப்புகள் முதல் வயது முடியுமுன்பே உச்சம் தொட்டுவிடுகின்றன. நெற்றிப் பகுதி மெதுவாக வருகிறது. எனவே ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் வர வேண்டியது வராமல் போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியாவின் அனாதை இல்லங்கள் உலகத்துக்குக் காட்டின. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி விட்டுச்சென்ற அந்த இல்லங்களில் பால் கிடைத்தது, படுக்கை கிடைத்தது. தூக்கி வைத்துக் கொஞ்ச ஆள் கிடையாது. சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். எட்டு வயதில் மூளையின் மின்னலைகளை அளந்தபோது, இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அலைகள், இல்லத்தைப் பார்த்தேயிராத பிள்ளைகளின் அலைகளை ஒத்திருந்தன. தாமதமாகப் போனவர்களுக்கு அந்த மீட்சி கிடைக்கவில்லை. மடியில் வைத்துப் பேசுவதும், குழந்தையின் மழலைக்குப் பதில் சொல்வதும் செல்லம் கொடுப்பது மட்டும் அல்ல. மூளைக்கு அவை உணவு.

ஹட்டன்லோக்கரின் எண்ணிக்கைக்கு இறந்த மூளைகள் வேண்டியிருந்தன. ஒரே பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர எம்ஆர்ஐ வந்தபிறகுதான் முடிந்தது. அதில் கதிர்வீச்சு கிடையாது. ஆரோக்கியமான குழந்தையையும் திரும்பத் திரும்பப் படமெடுக்கலாம். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மனநல மருத்துவர் இந்த வேலையில் இறங்கினார். 145 பிள்ளைகளின், இளைஞர்களின் படங்களை வைத்து 1999-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரை, வளரிளம் பருவத்தைப் பற்றிய பேச்சையே மாற்றியது. நெற்றிப் பகுதியில் நரம்பணுக்களும் இணைப்புகளும் நிறைந்த சாம்பல் நிறப் பொருள் பெண்களுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சத்துக்குப் போய், பிறகு குறையத் தொடங்கியது. மூளையின் மொத்தப் பருமன் ஆறு வயதுக்குள்ளேயே வளர்ந்தவரின் அளவில் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதனால் பெரிய வேலை அதற்குள் முடிந்துவிட்டது என்றே அதுவரை பலர் கருதியிருந்தார்கள். பருவமடையும் வாசலில் இன்னொரு பெரிய மாற்றம் காத்திருப்பதை இந்தப் படங்கள் காட்டின. 2004-இல் அதே நிறுவனத்திலிருந்து, 4 முதல் 21 வயதுவரையிலான 13 பேரை இரண்டாண்டுக்கு ஒருமுறை படமெடுத்த ஆய்வு வந்தது. அசைவுக்கும் புலன்களுக்குமான பகுதிகள் முதலில் முதிர்கின்றன. முன்யோசனை, தன்னடக்கம், இரண்டு யோசனைகளைச் சீர்தூக்குவது போன்ற வேலைகளில் முக்கியப் பங்குள்ள முன்நெற்றிப் புறணி கடைசியாக வந்து சேர்கிறது.

சாம்பல் நிறப் பொருளின் இந்தக் குறைவு முழுவதையும் இணைப்புகள் உதிர்வதன் கணக்கில் எழுதுவது சரியல்ல. கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. நரம்பணுவின் நீண்ட இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படிகிறது. உறை இல்லாத இழையில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்தால், தடித்த உறையுள்ள இழையில் நொடிக்கு நூறு மீட்டர்வரை பாயும். மயலின் படியப் படிய, முன்பு படத்தில் சாம்பலாகத் தெரிந்த விளிம்பு வெண்மையாகத் தெரியத் தொடங்குகிறது; புறணி மெலிந்ததுபோலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். மயலின் படிவது இருபதுகளைத் தாண்டியும் தொடர்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2022-இல் வந்த பெரும் ஆய்வின்படி, மயலின் உறையுள்ள இழைகளாலான வெண்பொருளின் அளவு உச்சத்தைத் தொடுவது சுமார் 29 வயதில்.

"25 வயதில் மூளை முழுமையாகிவிடும்" என்ற வாசகம் வாட்ஸ்ஆப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அப்படி ஒரு பிறந்தநாள் மூளைக்கு இல்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த வயது 16 ஆகவும் இருக்கலாம், 29 ஆகவும் இருக்கலாம். ஒரே எண்ணைத் தேடுவதை விட்டால்தான் வளரிளம் பருவம் புரியத் தொடங்கும்.

இரண்டு கால அட்டவணைகள் இங்கே ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓடுகின்றன. பருவமடையும்போது பாலின ஹார்மோன்கள் உடலை மாற்றுவதோடு நிற்பதில்லை. டோபமின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் பரிசு அமைப்பையும் அவை உசுப்பிவிடுகின்றன. புதிது, வேகம், பாராட்டு, காதல், கூட்டம் எல்லாம் திடீரென்று தித்திக்கின்றன. இந்த மாற்றம் விரைவாக நடக்கிறது. அந்த விழைவை நிறுத்திப் பிடிக்கும் முன்நெற்றிப் புறணியும், ஆழ்மூளையோடு அதை இணைக்கும் நெடும் இழைகளும் பத்தாண்டு காலம் எடுத்து மெல்ல முதிர்கின்றன. 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுவரையிலான 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஸ்டைன்பெர்க்கும் பலரும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். இந்தியாவும் அதில் உண்டு. சீனா, கென்யா, ஜோர்டான், சுவீடன், கொலம்பியா போன்ற நாடுகளும் உண்டு. கிளர்ச்சி தேடும் வேட்கை சுமார் 19 வயதில் உச்சம் தொட்டு இறங்கியது. தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் சீராக ஏறி, 23-க்கும் 26-க்கும் இடையில்தான் சமநிலைக்கு வந்தது. வளர்ப்பு முறையும் மதமும் வருமானமும் இவ்வளவு வேறுபடும் நாடுகளில் இந்தப் பாங்கு பொதுவாகத் தெரிந்தது என்பது, "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற புகாருக்கு நல்ல பதில்.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியில்தான் இந்த அத்தியாயத்தின் மையம் இருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்வது, காரண காரியம் பார்ப்பது, வார்த்தைகளைக் கோத்து யோசிப்பது போன்ற திறன்களைப் பதற்றமில்லாத சூழலில் சோதித்தபோது, ஏறத்தாழ 16 வயதிலேயே பிள்ளைகள் பெரியவர்களுக்கு இணையாக இருந்தார்கள். மனம் கொதிக்கும்போதும், பரிசு கண்முன் இருக்கும்போதும், கூட்டாளிகள் பார்க்கும்போதும் கைகொடுக்க வேண்டிய முதிர்ச்சி 18-ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே மூளைக்கு இரண்டு வயது என்று இதைச் சொல்லலாம். ஆற அமர யோசிக்கும் மூளைக்கு 16 வயதிலேயே பக்குவம் வந்துவிடுகிறது. கொதிக்கும்போது முடிவெடுக்கும் மூளைக்கு அந்தப் பக்குவம் வரப் பல ஆண்டுகள் பிந்துகிறது.

இதைப் பழுது என்று படித்துவிடக்கூடாது. கட்டிப்போட முடியாத அந்த வேட்கைதான் பிள்ளையை வீட்டு வாசலைத் தாண்ட வைக்கிறது; புதிய ஊர், புதிய நட்பு, பெற்றோருக்குத் தெரியாத ஒரு தொழில் எல்லாவற்றுக்கும் அது தேவை. பரிசுக்குத் துடிக்கும் மூளை கற்பதிலும் துடிப்பாக இருக்கிறது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் இருபதுகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு 2016-இல் வந்த ஓர் ஆய்வில், சரியா தவறா என்ற பதிலைக் கொண்டு படிப்படியாகக் கற்க வேண்டிய விளையாட்டில் இளையவர்கள் பெரியவர்களை மிஞ்சினார்கள். நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி அவர்களிடம் பரிசு அமைப்போடு கைகோத்து வேலை செய்தது. ஒரு பறையடிக் குழுவிலோ கபடி அணியிலோ 15 வயதுப் பையன் மூன்றே மாதத்தில் எட்டும் தேர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

வளைந்துகொடுக்கும் காலம் காயப்படும் காலமும்தான். அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பொன்றின்படி, வாழ்நாளில் மனநோய்க்கு ஆளாகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண்ணை, நண்பர்களைத் தவிர்க்கும் பையனை, "வயசுக் கோளாறு" என்று தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுவது அதனால்தான் அவசரம்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; தமிழ்நாட்டில் நாம் மிக மோசமாக நடத்துவது அதைத்தான். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1970-களின் கோடை விடுமுறைகளில் மேரி கார்ஸ்கேடன் பிள்ளைகளைத் தூக்க முகாமுக்கு அழைத்துவந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறையவில்லை. தூங்க விட்டால் பதின்பருவத்திலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். பருவமடைந்த பிள்ளைகள் பகலில் முன்பைவிட அதிகமாகக் கண்ணயர்ந்தார்கள். தூக்கத்துக்குச் சைகை கொடுக்கும் மெலடோனின் சுரப்பு இந்த வயதில் இரவில் பிந்தித் தொடங்குகிறது என்பது பிறகு தெரியவந்தது. பத்து மணிக்குப் படு என்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது. கைபேசி அதை இன்னும் தள்ளிப்போடுகிறது. ஆனால் கைபேசி பிறப்பதற்கு முன்பே இந்த உடல் கடிகாரம் இப்படித்தான் ஓடியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014-இல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2022 முதல் கலிஃபோர்னியாவில் அது சட்டம். இங்கே நம் விடுதிப் பள்ளிகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டடி ஹவர், டியூஷன் ஆறு மணிக்கு, ஸ்பெஷல் கிளாஸ் ஏழரைக்கு. பகலில் படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. கொதிப்பை அடக்கும் முன்நெற்றிப் புறணி தூக்கமின்மையில் முதலில் தளர்கிறது. பொதுத்தேர்வு ஆண்டில் தூக்கத்தைப் பறிப்பது மதிப்பெண்ணையும் பறிக்கும், மன அமைதியையும் பறிக்கும். விடியற்காலை வகுப்பை ஒழிக்கப் பைசா செலவில்லை. பள்ளி நிர்வாகங்களிடம் பெற்றோர் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.

அறிவுரை ஏன் தோற்கிறது என்பது இப்போது விளங்கும். அறிவுரை ஆற அமர யோசிக்கும் மூளையிடம் போய்ச் சேர்கிறது. அங்கே ஏற்கெனவே எல்லாம் தெரியும். தவறு நடக்கும் இடம் வேறு. எனவே சூழலை மாற்றுவதுதான் பலன் தருகிறது. இளம் ஓட்டுநரின் வண்டியில் அதே வயதுப் பயணிகள் கூடக் கூட உயிரிழப்பு அபாயமும் கூடுவதை அமெரிக்க விபத்துப் பதிவுகள் காட்டின. நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்தது: உரிமம் கிடைத்ததும் முழுச் சுதந்திரம் கிடையாது, முதலில் இரவுக்குத் தடை, நண்பர்களை ஏற்றத் தடை, பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்தல். அமெரிக்க மாநிலங்களும் இதைப் பின்பற்றின. இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் சரியான இடத்தில் வைத்திருக்கிறது.

பெரியவர்கள் பக்கத்தில் இருப்பதும் சூழலை மாற்றுவதுதான். விளக்கில் நிற்பதா போவதா என்று முடிவெடுக்கும் வண்டியோட்டும் விளையாட்டை, ஈவா டெல்சர் என்ற உளவியலாளர் பதின்பருவப் பிள்ளைகளை ஆடவைத்தார். இம்முறை பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மா. துணிச்சல் குறைந்தது. அம்மா இருக்கும்போது பாதுகாப்பான முடிவெடுப்பதற்கு மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதி கூடுதலாக இயங்கியது. 2016-இல் இன்னொரு ஆய்வு, 18 முதல் 22 வயதுடைய நால்வர் கூட்டத்தில் ஒருவரை மட்டும் மாற்றி, கொஞ்சம் மூத்த ஒருவரை வைத்தது. அவர் அதிகாரியோ ஆசிரியரோ அல்ல. சில ஆண்டுகள் பெரியவர், அவ்வளவே. கூட்டத்தால் வந்த துணிச்சல் மிகுதி காணாமல் போனது. கல்லூரி விடுதியிலோ விளையாட்டு அணியிலோ தெருப் பையன்களின் நட்பிலோ ஒரு மூத்த அண்ணனுக்கு, அக்காவுக்கு இடம் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்று இதிலிருந்து தெரிகிறது. வகுப்புவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துப் பூட்டி வைக்கும் நம் பள்ளிகள் இந்தக் காப்பைத் தாமே அழிக்கின்றன.

இனி, நீதிமன்றம். இந்த அறிவியல் ஒருவரின் வாழ்நாளையே தீர்மானிக்கும் இடம் அது.

2005 மார்ச் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில், 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முதிர்ச்சிக் குறைவு, கூட்டாளிகளின் தாக்கத்துக்கு எளிதில் ஆட்படுவது, குணம் இன்னும் உறையாமல் இருப்பது ஆகிய மூன்றையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. அமெரிக்க உளவியல் சங்கமும் அதே திசையில் வாதிட்டிருந்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா ஒரு கூர்மையான கேள்வியை எழுப்பினார்: இதே சங்கம் 1990-இல் ஒரு வழக்கில், பெற்றோரின் தலையீடின்றிக் கருக்கலைப்பு முடிவை எடுக்கும் அளவுக்குப் பதின்பருவப் பெண்கள் முதிர்ந்தவர்கள் என்று சொன்னதே? அங்கே முதிர்ச்சி உண்டு, இங்கே இல்லையா?

நியாயமான கேள்வி அது. ஸ்டைன்பெர்க்கும் அவர் சகாக்களும் 2009-இல் பதில் எழுதினார்கள். மருத்துவரிடம் கலந்து பேசி, சில நாள் யோசித்து எடுக்கும் முடிவு ஆற அமர யோசிக்கும் மூளையின் வேலை. 16 வயதில் அது தயார். இரவில் மூன்று நண்பர்களோடு, ஆத்திரத்தில், சில நொடிகளில் நடக்கும் குற்றம் கொதிக்கும் மூளையின் வேலை, அது தயாராகவில்லை. எனவே சட்டத்துக்கு ஒரே வயதுக்கோடு போதாது. ஆஸ்திரியா 2007-இல் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்தது. வாக்கு, யோசிக்க நாள் கிடைக்கும் முடிவு என்பதால் அறிவியல் இதற்கு எதிராக நிற்கவில்லை.

நம் நாட்டில் 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் ஓர் இளம்பெண் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி இறந்த கொடூரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் 18-ஐத் தொடச் சில மாதங்களே இருந்தவர். அவருக்கு மூன்றாண்டு சீர்திருத்த இல்லம்தான் என்றபோது நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் உண்மை இருந்தது. இறந்துபோன பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் நேர்ந்ததை எந்த மூளைப் படமும் குறைத்துக் காட்டாது. அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு அந்தக் கோபத்தின் நடுவிலும் சிறார் வயதை 18-இலிருந்து குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் 2015-இல் நாடாளுமன்றம் புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 15-ஆம் பிரிவின்படி, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில் 16 வயது நிறைந்த பிள்ளை சிக்கினால், இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குற்றம் செய்வதற்கான மன, உடல் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தார் என்று பார்க்கும். அதன் பேரில் அந்தப் பிள்ளையைப் பெரியவரைப்போல விசாரிக்க வழக்கை மாற்றலாம். குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது.

நிபுணர் வந்தாலும் சிக்கல் தீரவில்லை. கூர்நோக்கு இல்லத்தின் அமைதியான ஓர் அறையில், குற்றம் நடந்து வாரங்கள் கழித்து, நிபுணர் அந்தப் பிள்ளையிடம் கேட்கிறார்: செய்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் பதில் வரும். 16 வயதில் யாரிடம் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். பதற்றமில்லாத அறையில் அளக்க முடிவது ஆற அமர யோசிக்கும் மூளையை மட்டுமே. அன்று இரவு கூட்டாளிகளின் நடுவே அந்த மூளை என்ன செய்தது என்பதைப் பின்னோக்கி அளக்கும் கருவி உலகத்தில் எங்கும் இல்லை. எம்ஆர்ஐயும் ஒரு தனி ஆளின் முதிர்ச்சியைச் சொல்லாது. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியைத்தான் சொல்லும். விடை முன்பே தெரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டு, அதன் பேரில் ஒரு பிள்ளையின் வழக்கை இடம் மாற்றுகிறோம்.

மாறாத மனம் என்று முடிவுகட்டவும் ஆதாரமில்லை. பிலடெல்பியாவிலும் பீனிக்ஸிலும் கடுங்குற்றம் செய்த 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 1,354 பேரை ஏழாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், தொடர்ந்து அதிகக் குற்றம் செய்துகொண்டிருந்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோர் விலகியோ குறைத்தோ விட்டார்கள். யார் அந்தச் சிலர் என்பதை 16 வயதில் சொல்ல இன்று யாராலும் முடியாது.

பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும். ஆபத்தான பிள்ளையைச் சிறிது காலம் தனியே வைத்திருக்கவும் வேண்டும். இரண்டையும் இளைஞர் நீதி முறைக்குள்ளேயே செய்யலாம். அதற்குக் கூர்நோக்கு இல்லங்களில் முழுநேர உளவியல் ஆலோசகர்கள், படிப்பு, தொழிற்பயிற்சி, வெளியே வந்தபின் இருபதுகளின் நடுவரை கூடவே வரும் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். அதற்கு மாநில அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளைப் பெரியவர்களின் விசாரணைக்கு அனுப்பும் 15-ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.